கொலுசுக்கு மேலே ஒரு தேள்

காலை நடை முடிந்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து நான் காலுறையை இறக்கிவிடும்போதெல்லாம் நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது எனக்குத் தெரியும். போன வாரம் நம்மில் ஒருத்தி கேட்டே விட்டாள். "இன்னா அது, நரம்பு சுருட்டிக்கிச்சா? டாக்டர்கிட்ட காட்டினியா?" இன்னொருத்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். நரம்பு இல்லை, பச்சை குத்தியது என்று கண்டுபிடித்தாள். "இதெல்லாம் இப்போ லேசர்ல எடுத்துடறாங்களே. திருப்பதிலயே கீது. என் மருமக கழுத்துல இருந்தத எடுத்தா, தடமே இல்ல. உனுக்கு இந்த வயசுல எதுக்கு இந்த அழுக்கு?"

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் நான் எடுக்கமாட்டேன். பரவி, கலைந்து, யாருக்கும் இன்னதென்று தெரியாமல் போனாலும் எடுக்கமாட்டேன். நம் வயதில் எதுதான் போட்ட இடத்தில் இருக்கிறது? கன்னம் இருக்கிறதா, இடுப்பு இருக்கிறதா? அது மட்டும் குத்திய அன்று இருந்த மாதிரியே இருக்க வேண்டுமாக்கும்.

ஏன் என்று கேட்டீர்கள். பெஞ்சில் சொல்லி முடிக்கக்கூடிய சங்கதி இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. நகரியில் எங்கள் வீட்டின் முன்பாதி தறிக்கூடம், பின்பாதியில் நாங்கள். அக்காவுக்குப் பதினெட்டு. நைனாவுக்குப் பச்சை குத்திக்கொள்வது பிடிக்காது. அம்மாவின் கையில் கல்யாணத்துக்கு முன்பே குத்திய கோலம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார். "என் பொண்ணுங்க மேல ஒரு புள்ளி கூட இருக்கக்கூடாது" என்பார். எந்தப் புள்ளியைச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது புரிந்ததில்லை.

அந்த வருஷம் அம்மன் ஜாத்திரைக்கு எங்களைத் திருப்பதிக்கு அழைத்துப்போனது அத்தை, நைனாவின் தங்கை. வேப்பிலையும் கூழும் பறையுமாகத் தெரு நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. அத்தை பொங்கல் வைக்கப்போன சமயம் பார்த்து அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலின் பின்பக்கம் ஓடினாள். அங்கே கோணிப்பை விரித்து ஒரு பச்சைக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டி வைத்திருந்தாள். தேங்காய்ச் சிரட்டையில் கறுப்பு மை. வாயில் வெற்றிலை.

"கையி நீட்டும்மா. பூவா, பேரா?" என்றாள்.

"கையில வேணாம். நைனா பாத்துடுவாரு. கால்ல" என்று அக்கா பாவாடையை முழங்கால்வரை தூக்கிக் காலை நீட்டினாள். "பூ வேணாம். கொட்டற மாரி எதனா போடு."

பச்சைக்காரம்மா சிரித்தாள். கொலுசுக்கு மேலே, முன்பக்கம், தேள் என்று முடிவாயிற்று. இரண்டு குத்துக் குத்திவிட்டு ஊசியை நிறுத்திக் கணுக்காலை விரலால் வளைத்துப் பார்த்தாள். "இது காலா, கம்மந்தட்டையா? எங்க குத்தினாலும் எலும்புதான் இடிக்குது. துன்றதெல்லாம் எங்கம்மா போவுது?" பக்கத்தில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

எனக்கும் அதே இடத்தில் அதே தேள், கொஞ்சம் சின்னதாக. நான் அழுதேன். அக்கா என் வாயில் வெல்லப் பொரியை அடைத்தாள்.

ஒரே நாள், ஒரே ஊசி, ஒரே மை. ஆனால் ஆறும்போதே இரண்டும் வேறு வேறாகிவிட்டன. எனக்குப் பொறுமை ஏது? அரிப்பு தாங்காமல் பொருக்கைச் சொறிந்து பெயர்த்தேன். பொருக்கோடு மையும் போயிற்று. என் தேளுக்குக் கொடுக்கு இல்லை. அக்காவின் தேள் எட்டுக் காலும் கொடுக்குமாகக் கறுகறுவென்று உட்கார்ந்திருந்தது. "உன்னுது கொட்டாத தேளு" என்று கேலி செய்வாள்.

கோடை விடுமுறைக்கு எங்கள் இருவரையும் அத்தை சித்தூருக்கு அழைத்துப்போனாள். அக்கா மாங்கூழ் கம்பெனியில் சீசன் வேலைக்குச் சேர்ந்தாள். அத்தை வீட்டில் எனக்கென்று ஒரு வேலையும் இல்லை. மாலையில் வாசலில் உட்கார்ந்து அக்கா வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். அக்கா தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே அவள் மேலிருந்து மாம்பழ வாசனை வந்துவிடும். முதலில் அது தித்திப்பாக இருந்தது. பத்து நாளில் குமட்டியது. அலுமினியத் தூக்கு, தலைமயிர், தலையணை எல்லாவற்றிலும் அதே வாசனை. காம்பை வெட்டும்போது தெறிக்கிற பால் பட்டு அவள் கைகளில் கொப்புளம் கொப்புளமாகப் புண். நாளெல்லாம் பழச்சாறும் தண்ணீரும் தேங்கிய தரையில் நின்றதில் தேளின் ஒரு காலில் சீழ் வைத்தது. ஆறியபோது அந்தக் கால் மட்டும் வெளிறிப்போயிருந்தது.

வேலை முடிய இருட்டிவிடும். கம்பெனி லாரிதான் பெண்களைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போகும். டிரைவர் ஒருநாள் அக்காவிடம் எனக்கென்று ஒரு பழம் கொடுத்தனுப்பினார். அத்தை அந்தப் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அப்புறம் ஒரு நாள் காலையில் அக்கா எழுந்தபோது கண் திறக்கமுடியாதபடி முகம் உப்பியிருந்தது. தூக்கம் பத்தவில்லை என்றாள். மத்தியானத்துக்குள் வடிந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. கொலுசு காலில் பள்ளம் போட்டது. சோப்புத் தடவிக் கழற்றி ஆணியில் மாட்டினாள். வெள்ளிக் கொலுசு, மூன்று முத்து வைத்தது. அது அப்புறம் எங்கே போயிற்றென்று இன்றுவரை தெரியாது.

கொலுசு போன பிறகுதான் தேளை நன்றாகப் பார்த்தேன். அதன் கால்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்தன. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, கறுகறுவென்றிருந்த கோடு சாம்பல் பச்சையாக வெளுத்திருந்தது.

"அக்கா, உன் தேளு குண்டாயிடுச்சி."

அவள் குனிந்து பார்த்துவிட்டுக் கட்டைவிரலால் அதன் முதுகில் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. மெல்ல மெல்ல மேலே வந்தது. அது எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. நான் அழுத்துவேன். குழி நிரம்பும்வரை யார் மூச்சை அடக்குவது என்று பந்தயம். சிரித்துச் சிரித்து விளையாடினோம். நினைத்தால் இப்போதும் என் விரல் நுனி சில்லென்று ஆகிறது.

பிறகு வயிறு வந்தது.

கொடியில் காயவேண்டிய துணி காயவில்லை என்பதை அத்தை கவனித்திருந்தாள். லாரி, பழம், வயிறு. மூன்றையும் சேர்த்துக் கோத்துக்கொண்டாள். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் இருவரையும் புத்தூர் வழியாக நகரிக்குக் கூட்டி வந்து தறிக்கூடத்து வாசலில் நிறுத்தினாள். "அண்ணா, உன் பொருள எண்ணிக்கோ. என் ஊட்ல எதுவும் நடக்கல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

நைனா தறி பெல்ட்டால் அடித்தார். அம்மா தடுக்கவில்லை. அவளும் இரண்டு வைத்தாள். "யாரு? சொல்லுடி, யாரு?"

"யாரும் இல்ல. என்க்கு இன்னாமோ ஆவுது நைனா. டாக்டர்கிட்ட கூட்டிகினு போ."

"எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது?" நைனா வாசலுக்கு வந்து தெருவே கேட்கும்படி கத்தினார். "இவ என் பொண்ணே இல்ல. எவனோட போனாளோ அவன்கிட்டயே போவட்டும்."

அக்கா அழவில்லை. அதைத்தான் எல்லோரும் குற்றமாகச் சொன்னார்கள். தப்புச் செய்யாதவள் என்றால் அழுதிருக்க மாட்டாளா என்றார்கள்.

மருத்துவச்சி வந்தாள். வயிற்றைத் தடவி, அமுக்கி, கையைக் கழுவிக்கொண்டு "அஞ்சு மாசம்" என்றாள். ஊரில் பாதிப் பிள்ளைகளை எடுத்த கை அது. அவள் சொன்னால் சொன்னதுதான். மறுநாள் விடிந்ததும் மருந்து கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். என்ன மருந்தென்று எனக்குத் தெரியாது. சமையலறையில் அம்மா அடுப்பின் முன் உட்கார்ந்து நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்ததிலிருந்து அது நல்ல மருந்தில்லை என்று மட்டும் தெரிந்தது.

நான் போய் அம்மாவின் எதிரில் நின்றேன்.

"அம்மா, அக்கா கால்ல தேளு கீது."

"எந்தத் தேளு?" என்று பதறி எழுந்தாள்.

"பச்சத் தேளு. ஜாத்திரைல குத்திகினோம். என்க்கும் கீது பாரு." பாவாடையைத் தூக்கிக் காட்டினேன்.

கன்னத்தில் ஒன்று விழுந்தது. இவ்வளவு நடந்தும் அந்த நேரத்தில் அம்மாவுக்குப் பச்சைதான் பெரிதாகப் பட்டது. நான் அசையவில்லை. அழுதுகொண்டே சொன்னேன். "அப்போ அக்கா கால்ல சதையே இல்லன்னு பச்சக்காரம்மா சிரிச்சா. கம்மந்தட்டைன்னா. எலும்புல இடிக்குதுன்னா. இப்போ வந்து பாரு, அந்தத் தேளு எப்டி விரிஞ்சி கீதுன்னு. அமுக்கினா குழி வுழுது."

"புள்ளத்தாச்சிக்குக் கால் வீங்காதா?" என்றவள், சொல்லி முடிக்காமல் நிறுத்தினாள். அவள் எங்கள் இருவரையும் சுமந்தவள். எந்த மாதத்தில் எது வீங்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு போய் அக்காவின் பாவாடையை விலக்கினாள். தேளின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். குழியைப் பார்த்தாள்.

"என்க்குக் கடைசி மாசத்துலதான் கொலுசு எறங்காம போச்சி" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "இது மாங்கா சீசன் ஆரம்பிச்சி முடியறதுக்குள்ள இப்டியா?" பிறகு அக்காவைப் பெயர் சொல்லி அழைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அன்றுதான் முதல் தடவையாக அழைத்தாள். "காத்தால மூஞ்சி உப்புதா?"

"உப்புது."

"ஒண்ணுக்குப் போனா?"

"கொஞ்சமாத்தான் வருது. சோப்பு நொர மாரி."

விடியற்காலை மருத்துவச்சி வருவதற்கு முன்பே அம்மா அக்காவை எழுப்பித் தலைவாரிவிட்டாள். நைனா தறிக்கூடத்து வழியை மறித்துக்கொண்டு நின்றார். "எங்க கெளம்பற? படி தாண்டினா திரும்பி வராத."

"தாண்டிகினுதான் கீறேன்" என்றாள் அம்மா. "நவுரு."

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அக்காவைப் படுக்கவைத்து முதலில் தொட்டது காலைத்தான். தேளின் முதுகிலேயே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எங்கள் விளையாட்டை இவரும் விளையாடுகிறாரே என்று எனக்கு ஆச்சரியம். "எப்புட்னிஞ்சி ஈ வாப்பு?" என்று தெலுங்கில் கேட்டார், இந்த வீக்கம் எப்போதிலிருந்து என்று. அம்மா வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன், ஜாத்திரைக்கு அப்புறம் என்று. அக்காவின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சின்னத் தீயில் காட்டினார்கள். சூடு ஏற ஏற அது முட்டை வெள்ளைக்கருபோலக் கட்டிகட்டியாகத் திரிந்தது. டாக்டரம்மா அந்தக் குழாயை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். வயிற்றில் இருப்பது பிள்ளை இல்லை, நீர் என்றார். சிறுநீரகம் பழுதாகி உடம்பின் சத்தெல்லாம் ஒழுகிக்கொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பெண் கிடைத்திருக்கமாட்டாள் என்றார்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "புள்ள இல்ல, புள்ள இல்ல, என் தாயி" என்று அழுதாள்.

இத்தனை நாளும் அழாத அக்கா அப்போதுதான் வாய் திறந்தாள். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, உப்பிய கண்ணை அகலத் திறந்து கேட்டாள்: "இருந்துருந்தா மட்டும் என்னை சாவடிச்சிருப்பீங்களா?"

அம்மா அவள் காலைப் போர்வையால் மூடினாள். இந்த ஐம்பது வருஷத்தில் நானும் எத்தனையோ பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் பெஞ்சில் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் இருந்தோம். உப்பில்லாத சோறு, சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள். ஒரு நாள் நீர் பிரியத் தொடங்கியது. வாளி வாளியாகப் போனது என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கால் பழையபடி குச்சியாயிற்று. ஆனால் தேள் பழையபடி ஆகவில்லை. இழுபட்ட தோல் தொய்ந்து சுருங்கியதில் இடது பக்கத்துக் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. மாத்திரை வேலை செய்யச் செய்ய அக்காவின் முகம் பூசணிக்காயாக உருண்டது. வயிற்றிலும் தொடையிலும் வரி வரியாகத் தோல் வெடித்தது. கண்ணாடி பார்க்கவே மாட்டாள். தேளை மட்டும் பார்ப்பாள். "இவன் ஒருத்தன்தான் என்னோடவே இருந்து எல்லாத்தையும் துன்னுகினு கீறான்" என்பாள்.

நோய் இரண்டு மூன்று தடவை திரும்பி வந்தது. அப்புறம் போய்விட்டது. அக்கா பலமனேரில் இருக்கிறாள். யாரைக் கட்டிக்கொள்வது என்று அவளே முடிவு செய்தாள். மாடுகளும் தக்காளித் தோட்டமும் இரண்டு பிள்ளைகளுமாக நன்றாகவே இருக்கிறாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெயிலில் நின்று நின்று அந்தப் பச்சை வெளிறிவிட்டது. உடம்பு பெருத்ததில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. இப்போது பார்த்தால் தேள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மழை மேகம் என்பார்கள்.

என்னுடையது இன்னொரு விதமாகப் போயிற்று. பத்து வயதுக் காலில் குத்தியது. கால் நீள நீள அதுவும் நீண்டது. பெரியவளானபோது கணுக்காலை விட்டு மேலே ஏறிவிட்டது. பிள்ளைகள் பிறந்தபோது விரிந்தது, பிறகு சுருங்கியது. சர்க்கரை வந்து உடம்பு வற்றியபோது தொய்ந்தது. இப்போது அதன் நடு முதுகில் ஒரு நரம்பு நீலமாகப் புடைத்துக்கொண்டு ஓடுகிறது. என் மகளின் தோழி, தோல் டாக்டர், ஒருமுறை விளக்கினாள். மை தோலின் உள் அடுக்கில் தங்கியிருக்கிறதாம். அந்நியப் பொருள் என்று உடம்பு அதை ஓயாமல் விழுங்கிப் பார்க்கிறதாம். முழுதாக விழுங்க முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறதாம், நகர்த்துகிறதாம். அதனால்தான் கோடு கலைகிறதாம். இவ்வளவு வருஷமாக என் உடம்பே போராடி வெளியே தள்ள முடியாத ஒன்றை, காசு கொடுத்து மெஷின் வைத்து எதற்குத் தள்ள வேண்டும்? லேசர் உங்கள் மருமகளுக்கு நல்லது. அவள் கழுத்து, அவள் இஷ்டம். இது என் கால்.

அந்தக் கோடையில் பெரியவர்கள் எல்லோரும் அக்காவின் வயிற்றைப் பார்த்தார்கள். காலைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தை கெட்டவளில்லை. மருத்துவச்சி பொய் சொன்னவளில்லை. நைனா எங்கள்மேல் உயிரையே வைத்திருந்தவர். எல்லோரும் எல்லாம் தெரிந்தவர்களாகவே வந்தார்கள், அதனால் யாரும் கேட்கவில்லை. வயதான பிறகு எனக்கு இது புரிகிறது. புரிகிறது என்பதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா வீடு திரும்பிய நாளை இன்னும் சொல்லவில்லை.

நைனா அதற்குள் ஆஸ்பத்திரிக்கு வந்து போயிருந்தார். வார்டு வாசலில் பன்னும் பழமுமாக நிற்பார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். நகரியில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் வந்தபோது அம்மா முன்னால் ஓடி ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தாள். அக்கா உள்ளே வரவில்லை. வாசலில் கிடந்த நூல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ள வாம்மா" என்றார் நைனா.

"அன்னிக்கி தெருவுக்கே கேக்கற மாரி சொன்னியே. இன்னிக்கும் சொல்லு. அப்பால வரேன்."

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். அவர் தெருவைப் பார்த்துத் திரும்பி ஏதோ சொன்னார். இருபக்கமும் தறிகள் ஓடுகிற சத்தத்தில் அவருக்கு அடுத்து நின்ற எனக்கே கேட்கவில்லை.

"யாருக்கும் கேக்கல" என்றாள் அக்கா. "கரண்ட் போவட்டும். நான் ஒக்காந்துகினு கீறேன்."

அந்தக் காலத்தில் கரண்ட் போகாத பிற்பகல் ஏது? உருண்ட முகமும் குச்சிக் காலுமாக அவள் அந்த மூட்டைமேல் காத்திருந்தாள். போகிறவர்கள் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். ஒருத்தரிடமிருந்தும் கண்ணை எடுக்கவில்லை. வெயில் எதிர்ச்சுவரில் ஏறியபோது கரண்ட் போயிற்று. தறிகள் ஒவ்வொன்றாக அடங்கித் தெரு செவிடானதுபோல ஆயிற்று. வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

நைனா தெரு நடுவில் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாரும் கேட்டுக்கோங்க. என் பொண்ணு தங்கம். அவ மேல ஒரு தப்பும் கெடையாது. டாக்டரே சொல்லிட்டாங்க. என் பொண்ணு சுத்தமானவ..."

"அது வேணாம் நைனா" என்று அக்கா குறுக்கிட்டாள். "என்னைப் பத்தி யாரும் சொல்ல வேணாம்."

"பின்ன இன்னாம்மா சொல்றது?"

"நீ இன்னா செஞ்சியோ அத்த சொல்லு."

நைனா நின்றார். அவர் கைகள் வேட்டி ஓரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டன. அவரை அப்படி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"டாக்டர்கிட்ட கூட்டிகினு போ நைனான்னு கேட்டா" என்றார். "கூட்டிகினு போவல. ஒடம்பு வீங்கி நின்னவள அடிச்சேன். பெல்ட்டால அடிச்சேன்."

அக்கா மூட்டையிலிருந்து எழுந்தாள். "பசிக்குதும்மா. உப்பு போடாம எதனா செய்யி" என்று சொல்லிக்கொண்டே நைனாவைத் தாண்டி உள்ளே போனாள். நாங்களும் பின்னால் போனோம். கரண்ட் வந்து தறிகள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் நைனா தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார்.